இரண்டு கலங்கல்

மணியம்மாவுக்குப் "பாட்டில் மணியம்மா" என்று பெயர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வைத்தவள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள். அவள் வாயில் விழுந்தவர்கள் யாரும் பட்டப்பெயர் இல்லாமல் எழுந்ததில்லை. பின்னே என்ன, விடிந்ததும் விடியாததுமாக ஒருத்தி காலி வாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை அடிவாரத்துக்குப் போய், ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு வந்தால் காலனி சும்மா இருக்குமா?

"இன்னா மணி, இன்னிக்கித் தண்ணிக்கு ஜொரம் கீதா?" என்பாள் பச்சையம்மாள்.

"உன் வாய்க்குத்தான் ஜொரம்" என்று சொல்லிவிட்டு மணியம்மா நடையைக் கட்டுவாள்.

குடிபாலாவுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிற குருவசமுத்திரம் ஏரி அது. எந்தக் காலத்தில் யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜா பெயர் சொல்வார்கள். கல்லும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. அரை மைல் நீளத்துக்கு, பாதித் தென்னை உயரத்துக்கு, கூடை கூடையாகக் கொட்டி மிதித்த வெறும் மண். அந்தக் கரையின் காலடியில்தான் நாற்பத்திரண்டு வீட்டுக் காலனி. மணியம்மா வீடு கரைக்கு எல்லோரையும்விட கிட்டத்தில் இருந்தது. அவள் வாசலில் நின்று அண்ணாந்தால் வானத்தில் பாதியைக் கரை எடுத்துக்கொண்டுவிடும்.

அடிவாரத்தில் ஓர் ஊற்று. ஏரியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் போதும், அது கசிந்துகொண்டிருக்கும். இருபது வருஷமாக மணியம்மா அதில்தான் துணி துவைத்தாள். அதை எல்லோரும் கங்கம்மா கொடுத்த வரம் என்றே நினைத்திருந்தார்கள்.

ஆடி மாதம் சித்தூரிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்தார். பெயர் சுரேஷ்பாபு, திருப்பதிப் பிள்ளை, வேலூரில் படித்ததால் தமிழ் பேசுவார். பழைய ஏரிகளின் கரை எப்படியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். கரை முழுக்க மண்டியிருந்த சீமைக்கருவேலத்தைப் பார்த்தார், எலி வளையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஊற்றண்டை வந்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார். தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலைக் காலிசெய்து, ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த மணியம்மாவும் தன்னையறியாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"மண்ணுக் கரைன்னா வேர்க்கத்தான் செய்யும்மா. தெளிவா வேர்த்தா பர்வாலேது. மண்ணையும் கூட்டிக்கிட்டு வந்துச்சுன்னா, தண்ணி கரைய உள்ளயிருந்து துன்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் அரை நாள்கூடத் தாங்காது."

அந்தப் பாட்டிலை அவளிடமே கொடுத்தார். தினமும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நிறம் மாறினால் உடனே போன் செய்யச் சொல்லி ஒரு சீட்டில் நம்பரும் எழுதிக் கொடுத்தார். உள்ளேயிருந்து தின்னுகிறது என்ற சொல்லை நினைத்து மணியம்மா ஊற்றிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். இருபது வருஷம் அந்த வாயில் கைவிட்டல்லவா அவள் துணி அலசியிருக்கிறாள்!

ஆனால் அப்போது ஏரியில் இருந்தது குட்டை அளவு தண்ணீர். ஒன்பது வருஷமாக ஏரி நிரம்பவில்லை. காலனிக்காரர்களுக்கு சர்க்கார் கொடுத்த டி.கே. பட்டா நிலம் கரைக்குக் கீழே தரிசாகக் கிடந்தது. அவர்கள் அப்பன் பாட்டன் யாருக்கும் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. கிடைத்தபோது மழை இல்லை. பிள்ளைகள் பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்கும் சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கும் போனார்கள், அப்புறம் அங்கிருந்து பெங்களூருக்கே போய்விட்டார்கள். மணியம்மாவின் மகன் சீனுவும் அப்படித்தான். கண்ணாடியாலேயே கட்டிய ஏதோ கம்ப்யூட்டர் கட்டடத்தில் தரை துடைக்கிற வேலை. ஒவ்வொரு போனிலும் ஒரே பேச்சு. "ஏரி ரொம்பட்டும் மா. ரெண்டு போகம் வரும்னா சொல்லு, அன்னிக்கே பஸ் ஏறிடறேன்."

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. எட்டு நாள் விடாத மழை. மலை ஓடைகளெல்லாம் ஏரியில் வந்து விழுந்தன. அடேயப்பா, அந்தத் தண்ணீரை என்ன சொல்ல! எட்டாம் நாள் கரைமேல் ஏறிப் பார்த்த மணியம்மா தலையிலிருந்த முக்காட்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டாள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் காலடியில் அலை அடிக்கிறது, அந்தப் பக்கம் பள்ளத்தில் அவள் வீட்டுக் கூரை தெரிகிறது. அவளுடைய வீட்டைவிட உயரத்தில் ஒரு கடல் நிற்கிறது, நடுவே வெறும் மண். இந்த மண்ணு எப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று அவளுக்கு மெய் சிலிர்த்தது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல் மேடைக்கு அங்கே கலங்கல் என்று பெயர். கரையின் வடகோடியில் இருக்கிறது. கலங்கல் போனால் ஊருக்கே திருவிழா, கங்கம்மாவுக்கு ஆடு வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். ஆனால் ஒன்பது வருஷம் காத்தவர்களுக்கு மிச்சத் தண்ணீர் என்று ஒன்று இருக்குமா? ஏரித் தண்ணீரைப் பங்கிடுகிற நீட்டி சங்கத்து பிரசிடெண்ட் நாகபூஷணம் சொன்ன யோசனைப்படி, கலங்கல் மேல் முந்நூறு மணல் மூட்டையை அடுக்கி இரண்டடி உயர்த்திவிட்டார்கள். இரண்டடி என்றால் இரண்டாம் போகம். மணியம்மாவும் கோணி ஊசியில் நீல நைலான் நூல் கோத்து, அறுபது மூட்டைக்கு வாய் தைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் சீனுவை நினைத்துக்கொண்டாள். என்ஜினீயருக்கு இதையெல்லாம் யார் சொன்னது?

ஒன்பதாம் நாள் காலை பாட்டில் சிவந்துவிட்டது.

முதலில் கை அழுக்கு என்று நினைத்தாள். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். செக்கச் செவேலென்று இருந்தது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால் அடியில் விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. குனிந்து பார்த்தாள். ஊற்று வாயில் மணல் கொதித்துக் கொதித்து எறும்புப் புற்றைப் போலக் குவிந்திருந்தது.

கணவன் கங்கையாவை எழுப்பி "ஊத்தப் பாரு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மழையில் நாகபூஷணம் கடைக்கு ஓடினாள். கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற சிவப்புப் பெட்டி தொங்கியது. முடிந்து வைத்திருந்த ஒரே காசைப் போட்டாள். தகரக் கூரையில் மழை சத்தம் காதைப் பிளந்தது.

"சார், குருவசமுத்திரம் மணியம்மா சார்! கலங்கல் வந்துட்ச்சி சார்! விடிகாலைலருந்து போய்க்கினே கீது!"

"ஏமம்மா? கலங்கலா?"

"ஆமா சார், கலங்கல்! கலங்கல்!"

"ஆஹா, மஞ்சி மாட்ட சொன்னீங்கம்மா! ரொம்ப சந்தோஷம்! இனி கரைக்கு பயமே லேது. வர்ற தண்ணி வந்தபடி போயிடும். பசங்கள மட்டும் கிட்ட விடாதீங்க..."

பெட்டி கீ கீ என்று கத்திவிட்டுத் துண்டித்தது. மணியம்மா ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாவுச் செய்தி சொன்னால் சந்தோஷம் என்கிறாரே மனுஷன்!

அதற்குள் நாகபூஷணம் கல்லாவிலிருந்து குதித்தெழுந்திருந்தார். "இன்னா மே சொன்ன? கலங்கல் போவுதா? உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் பிரசிடெண்டு. ரத்தமாட்டம் செவப்பா..."

"புதுத் தண்ணி செவப்பாத்தான் மே இருக்கும்! மூட்டை மேல தாண்டிப் போவுதுன்னா பாத்துக்கோ! ஒம்போது வருஷம் மே, ஒம்போது வருஷம்!" கடைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு, மேளக்காரர் வீட்டுப் பக்கம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மணியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படித்தவர் பயமில்லை என்கிறார், பிரசிடெண்ட் ஆடுகிறார். ஒருவேளை சிவந்தால் நல்லதோ? தான்தான் மாற்றிப் புரிந்துகொண்டோமோ? திரும்பி வருகிற வழியெல்லாம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாட்டில் அவளுக்கு எந்த ஆறுதலும் சொல்லவில்லை.

ஊற்றண்டை கங்கையா இடுப்புத் துண்டோடு நின்றார். உர மூட்டையில் மண் ரொப்பி ஊற்றின் வாய்மேலேயே போட்டு, மேலே ஏறி மிதித்திருந்தார். "அடச்சிட்டேன் மே" என்றார் பெருமையாக. அடுத்த நிமிஷம் இரண்டு முழம் தள்ளி நிலம் விம்மியது. பொக்கென்று வெடித்து, ஒன்றுக்கு இரண்டாகச் சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. கங்கையா முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில்தான் வடகோடியிலிருந்து மேளச் சத்தம் கேட்டது.

கலங்கலில் மேளம். மணியம்மாவுக்குச் சுருக்கென்றது. தான் சொன்ன கலங்கல் எது, அவர்கள் கேட்ட கலங்கல் எது! "அய்யோ கங்கம்மா, என் நாக்குல நெருப்ப வைக்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வழியில் பச்சையம்மாளைப் பார்த்து, "மே, கொயந்த குட்டி, கெழவன் கெழவி எல்லாத்தையும் பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கூட்டிக்கினு போ. கேள்வி கேக்காத, போ!" என்றாள். பச்சையம்மாள் முதன்முறையாக வாயைத் திறக்காமல் ஓடினாள்.

மணியம்மா கரைமேல் விழுந்தடித்து ஓடினாள். கருவேல முள் குத்தியது, சேறு வழுக்கியது. கலங்கலில் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். தட்டில் மஞ்சள், குங்குமம், வளையல். மாலை போட்ட ஆடு ஒன்று மழையில் நடுங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை.

"எங்க மே போவுது கலங்கல்?" நாகபூஷணம் கொதித்தார். "ஆட்டுக்கு மாலயப் போட்டுட்டு நிக்கறேன், வேடிக்க காட்டறியா?"

அவள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். "இதான் பிரசிடெண்டு நான் சொன்ன கலங்கல். ஊத்துல தண்ணி கலங்கி வருது. கரைய உள்ளருந்து துன்னுகினு வருது."

மேளம் நின்றது. நாகபூஷணம் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். கரைமேல் நின்றால்தான் அதற்கு சிக்னல் கிடைக்கும். தெலுங்கில் படபடவென்று சொல்லிவிட்டு மணியம்மாவிடம் நீட்டினார்.

என்ஜினீயரின் குரல் மாறியிருந்தது. "அம்மா, அத அடைச்சீங்களா?"

"எங்க வூட்டுக்காரரு மூட்ட போட்டாரு சார். இப்ப ரெண்டா வருது."

"எடுத்துடுங்க! அடைக்கக் கூடாது. அடைச்சா வேற வழி தேடும். அத சுத்தி ஒரு கெணறு மாதிரி மூட்ட அடுக்குங்க. தண்ணி உள்ளயே ஏறி நிக்கட்டும். நிக்கற தண்ணியோட பளுவே வர்ற தண்ணிய அமுக்கும். தெளியற வரைக்கும் ஒசத்துங்க. மணல் மூட்ட கிடைக்குமா?"

மணியம்மா காலடியைப் பார்த்தாள். "முந்நூறு கீது சார். கலங்கல் மேல."

"எந்தக் கலங்கல்?"

"ஏரிக் கலங்கல் சார்."

"ஓரி தேவுடா" என்றார். "கலங்கல அடைச்சு வெச்சிருக்கீங்களா? முதல்ல அத எடுங்கம்மா. ஏரி எறங்கினாத்தான் கரை பொழைக்கும். நான் கெளம்பிட்டேன்."

யாரும் அசையவில்லை. "ரெண்டடி தண்ணி" என்றார் நாகபூஷணம், தனக்குத்தானே சொல்வதுபோல. "தமிழ்நாட்டுக்குப் போயிடும். ரெண்டாம் போகம் போச்சு." பொய் சொல்லவில்லை, எல்லோர் மனசிலும் ஓடியது அதுதான். மணியம்மாவுக்கும்தான். இரண்டு போகம் என்றால் அன்றைக்கே பஸ் ஏறுகிறேன் என்ற பிள்ளை. அவள் தைத்த நீல நூல் மூட்டைகள் வரிசையாகக் கண்ணெதிரே இருந்தன. நெஞ்சு வலித்தது, சும்மா சொல்லக்கூடாது. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே இறங்கி முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தண்ணீர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தது போல. ஒரு மூட்டை போனதும் மடமடவென்று பாய்ந்தது. பக்கத்து மூட்டைகளை ஆட்கள் தாவிப் பிடித்தார்கள். கல் மேடை முழுக்கத் தண்ணீர் பரவி, கண்ணாடி மாதிரி வளைந்து, கீழே விழுந்து வெள்ளையாகச் சிதறியது. அந்த இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேச்சு கேட்கவில்லை. ஒன்பது வருஷத்துக்குப் பின் கலங்கல் போனது. கும்பிட யாருக்கும் கை ஒழியவில்லை.

இளவட்டம் எல்லாம் பெங்களூரில். கால் மைல் தூரம் ஈர மூட்டை சுமந்தவர்கள் பெண்களும் நாற்பது ஐம்பது வயசு ஆண்களும்தான். நாகபூஷணம் தலையிலும் ஒன்று. காலனித் தெருவுக்குள் இருபது வருஷமாகக் கால் வைக்காத மனுஷர், அன்றைக்குப் பதினோரு நடை நடந்தார். மேளக்காரர் ஒருவர் மட்டும் அடிப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தாளத்துக்கு எல்லோரும் கால் எடுத்து வைத்தார்கள்.

கங்கையா போட்ட மூட்டையை எடுத்தார்கள். இரண்டு ஊற்றுக் கண்ணையும் உள்ளே வைத்து வட்டமாக மூட்டை அடுக்கினார்கள். முழங்கால் உயரம் ஏறியது. உள்ளே தண்ணீரும் ஏறியது. மணியம்மா பாட்டிலை விட்டு எடுத்தாள். சிவப்பு. இன்னும் ஒரு சுற்று. சிவப்பு. தொடை உயரம் வந்தது, செம்மண் நிறம் கொஞ்சம் வெளுத்து டீ நிறமானது. மேலே கரை, அதற்கு மேலே ஏரி. எந்த நிமிஷமும் வந்து விழலாம். ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பளவு வந்தபோது கொதிப்பு அடங்கியது. மணல் புற்று அப்படியே உட்கார்ந்தது. மணியம்மா பாட்டிலை முக்கி எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தாள். அதற்கப்புறம் தன் முந்தானையால் பாட்டிலின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்.

"தெளிஞ்சுட்ச்சி" என்றாள்.

தண்ணீரைத் தண்ணீரே பிடித்து நிறுத்திவிட்டது! கடலைப் போன்ற ஏரியை, நாலு முழ வட்டத்தில் இடுப்பளவு நின்ற தண்ணீர் அமுக்கி வைத்திருந்தது. கங்கையா வட்டத்தின் ஓரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாகபூஷணம் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தரைப்பாலத்தில் வெள்ளம். என்ஜினீயர் சுரேஷ்பாபு ஜீப்பை விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, மதியம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பாட்டிலை வாங்கிப் பார்த்தார். மணியம்மாவுக்குக் கை கூப்பினார்.

"எனக்குத் தமிழ் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேம்மா" என்றார்.

"எனக்கும்தான் சார்" என்றாள் மணியம்மா.

சாயங்காலம் கடைக்கு சீனுவின் போன் வந்தது. ஊர்க்காரன் யாரோ அதற்குள் சொல்லிவிட்டிருந்தான். "மா, ஏரி ரொம்பிட்ச்சாமே! கலங்கல் வந்துட்ச்சாமே! மெய்யா?"

"ரெண்டு கலங்கலும் வந்துட்ச்சி நைனா. ஒண்ணு போய்க்கினே கீது, ஒண்ணு நின்னுட்ச்சி." நடந்ததைச் சொன்னாள். மறைக்காமல் அதையும் சொன்னாள்: "ஒரு போகத்துக்குத்தான் தண்ணி நிக்கும். ரெண்டாம் போகத்த நான்தான் புடுங்கி உட்டேன். முதல் மூட்ட என் கையாலதான் இழுத்தேன்."

வயர் வழியாக யாரோ தரை துடைக்கிற சத்தம் கேட்டது.

"நீ எங்க மா இருந்த அப்ப?"

"கரைக்குக் கீயதான். வேற எங்க போவேன்?"

"நாளைக்கி காலைல முதல் பஸ்ஸுக்கு வரேன்."

"ஒரு போகம்தான் நைனா."

"கேட்டுச்சு மா." மூக்கை உறிஞ்சினான். "எதனா வாங்கியாரட்டா?"

மணியம்மா யோசித்தாள். வட்டம் தற்காலிகம்தான், கோடையில் கரையை வெட்டிப் புதுசாக மிதிக்க வேண்டும், அதுவரை தினமும் கண் வைத்திருக்க வேண்டும் என்று என்ஜினீயர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலனிக்கு எல்லோரும் திரும்பிவிட, நாற்பத்திரண்டு வீட்டிலும் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கடை வாசலில் அந்த ஆடு மாலையோடு நின்று, மாலையையே தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பச்சையம்மாள் நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் யாரையும் கேலி செய்யவில்லை. "எனக்கும் ஒண்ணு சொல்லு மே" என்று மணியம்மா கையிலிருந்த பாட்டிலைச் சுட்டி ஜாடை காட்டினாள்.

"உங்க கண்ணாடிக் கட்டடத்துல தண்ணி குடிச்சிட்டுக் காலி பாட்டில் தூக்கிப் போடறாங்கன்னியே," என்றாள் மணியம்மா, "நாப்பத்தொண்ணு பொறுக்கி எடுத்துக்கினு வா. எங்க வூட்ல ஒண்ணு கீது."